மாங்காய்க்குள் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

கேள்வி: பறித்த காய்க்கு வேரும் இல்லை, இலையும் இல்லை. அப்புறம் வைக்கோலில் போட்ட புளிப்பு மாங்காய் எப்படி ஒரு வாரத்தில் அப்படி இனிக்கிறது? கல் வைத்த பழத்தில் மட்டும் ஏன் அந்த ருசி இல்லை?
- ஒரு வாசகி, பர்கூர்

பதில்: சர்க்கரை புதிதாக வரவில்லை, பறிக்கும்போதே காய்க்குள்தான் இருந்தது. இலைகள் வெயிலில் தயாரித்து அனுப்பும் சர்க்கரையைக் காய் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. குளுக்கோஸ் மூலக்கூறுகளை மணி கோர்ப்பது போல ஆயிரக்கணக்கில் இணைத்து மாவுச்சத்தாக்கிவிடுகிறது. அவ்வளவு பெரிய மூலக்கூறு நாக்குக்கு இனிக்காது, கூடவே சிட்ரிக் அமிலத்தின் புளிப்பு வேறு.

காய் முற்றியதும் அதுவே எத்திலீன் என்ற வாயுவை விடும். அந்த வாயு பட்டதும் காயின் செல்களில் நொதிகள் (என்சைம்கள்) வேலையைத் தொடங்குகின்றன. அமைலேஸ் நொதி ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறைச் சேர்த்து மாவுச்சத்தை வெட்டுகிறது, இன்னொரு நொதி செல் சுவரில் இருக்கும் பெக்டின் என்ற பசையைக் கரைத்துப் பழத்தை மெத்தென்று ஆக்குகிறது, புளிப்பு அமிலமோ பழத்தின் சுவாசத்தில் செலவாகிவிடுகிறது. வைக்கோல் செய்வதெல்லாம் அந்த வாயுவையும் சூட்டையும் வெளியே போகாமல் பிடித்து வைப்பதுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். முற்றிய காயில் ஒரு துண்டு, அதே மரத்துப் பழத்தில் ஒரு துண்டு நறுக்கி, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை இரண்டிலும் ஒரு சொட்டு விடுங்கள். காய்த்துண்டு கருநீலமாகிவிடும், பழத்துண்டில் மருந்தின் பழுப்பு நிறம் அப்படியே நிற்கும். மாவுச்சத்து இருந்தால்தான் அந்தக் கருநீலம் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் செய்து காட்டுங்கள்.

சரி, கல்? அது கால்சியம் கார்பைடு. அதில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், அது எத்திலீனைப் போலவே காயைத் தூண்டும், தோல் மஞ்சளாகும். ஆனால் சீசனுக்கு முன்னாலேயே விலைக்கு ஆசைப்பட்டுப் பறித்த பிஞ்சில் மாவுச்சத்து சேர்ந்திருந்தால்தானே நொதி வெட்டுவதற்கு? அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும். அதனால்தான் சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு, அதிகபட்சம் பத்து லட்சத்தில் 100 பங்கு. ஆனாலும் அவசரப்பட்டுப் பறித்த காயை எந்த வாயுவாலும் ருசியாக்க முடியாது. காம்போரத்துத் தோள் உப்பின பிறகு பறியுங்கள்.

கேள்வி: கேழ்வரகுக் களியை மெல்லாமல் விழுங்கச் சொல்கிறார் தாத்தா. செரிக்குமா?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: செரிக்கும். மாவுச்சத்தை வெட்டும் அமைலேஸ் எச்சிலிலும் இருக்கிறது, ஒரு கவளத்தை வாயில் வைத்து நிதானமாக மென்றால் லேசாக இனிப்பதே அதனால்தான். ஆனால் பெரும்பகுதி வேலையைச் செய்வது கணையம் சிறுகுடலுக்கு அனுப்பும் அமைலேஸ். களி கிண்டும்போதே மாவு வெந்து, தண்ணீர் குடித்து உப்பிவிடுவதால் நொதி சுலபமாக உள்ளே போய்விடும். தாத்தா சொன்னபடி தாராளமாக விழுங்கலாம். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் சிறு உருண்டையாகக் கொடுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.