பெரியம்மாவின் சம்பளம்

கேள்வி: என் பெரியம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் 34 வருடம் நர்ஸ். கல்யாணமே வேண்டாம் என்று ஊழியமாக வாழ்ந்தவர். விடியற்காலை ஜெபம் முடிக்காமல் வார்டுக்குள் கால் வைக்க மாட்டார். என் அம்மாவையும் இரண்டு மாமாக்களையும் படிக்க வைத்தார், எனக்கும் காலேஜ் ஃபீஸ் கட்டினார். போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். என் மகளும் நர்சிங் முடித்திருக்கிறாள், சவுதிக்குப் போகப் பரீட்சை எழுதிக் காத்திருக்கிறாள். கேட்டால் "சம்பளம்தான்பா முக்கியம்" என்கிறாள். பெரியம்மாவின் அர்ப்பணிப்பு இந்தத் தலைமுறைக்கு ஏன் இல்லை?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், திங்கள்சந்தை)

பதில்: உங்கள் பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்களுக்கு இல்லை, கொஞ்சம் பொறுங்கள்.

அம்மா, இரண்டு மாமா, அப்புறம் நீங்கள். நான்கு பேர் படிப்பு. அந்தக் காசு ஜெபத்தில் விழவில்லை, மாதம் பிறந்தால் கையெழுத்துப் போட்டு அவர் வாங்கிய சம்பளத்தில் இருந்து வந்தது. அவர் வாங்கி உங்களுக்குக் கொடுத்தபோது அது அர்ப்பணிப்பு, உங்கள் மகள் வாங்கினால் பணத்தாசையா? அடக்க ஆராதனையில் யாராவது அந்தச் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். ஊழியம் என்று சொல்லிவிட்டால் கணக்குப் பார்க்க வேண்டாம் பாருங்கள், அந்தச் சொல்லில் நமக்கு இருக்கிற வசதி அது.

நல்ல சமாரியன் கதை ஞாயிறு பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான், தன் மிருகத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான் என்பது வரை எல்லாப் பிரசங்கத்திலும் வரும். மறுநாள் காலை சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள், இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றானே, அந்த இடத்தில்தான் பிரசங்கிமார் வேகம் பிடிப்பார்கள். பராமரிக்கிற கைக்குக் கூலி உண்டு என்று கதையிலேயே இருக்கிறது. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று வருவதும் அதே லூக்கா 10-ஆம் அதிகாரம்தான்.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைச் சொல்வீர்கள். சரி, சொல்லுங்கள். பதினாறு வயதில், 1837-ல், தேவன் தன்னை அழைத்ததாக எழுதி வைத்தவர்தான். ஆனால் 1854-ல் கிரிமியப் போருக்கு அவர் கூட்டிக்கொண்டு போன 38 பேரில் கன்னியாஸ்திரீகளும் இருந்தார்கள், சம்பளம் பேசி ஒப்பந்தத்தில் வந்த ஆஸ்பத்திரி நர்சுகளும் இருந்தார்கள். காயம்பட்ட சிப்பாய்க்கு அதில் என்ன வித்தியாசம்?

நம் ஊர்க் கதை இன்னும் அழுத்தமானது. அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த நம் குமரி மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி சங்கத்தின் மருத்துவ ஊழியம் 1838-ல் தொடங்கியது. அதற்கு 21 வருடம் கழித்து, தோள்சீலைக் கலவரமெல்லாம் நடந்து முடிந்து, 1859-ல்தான் நாடார் பெண்கள் மாரை மறைத்துக்கொள்ளலாம் என்று திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போட்டார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. இந்த மண்ணில் பிறந்த ஒரு பெண் பின்னாளில் கஞ்சி போட்ட வெள்ளை உடுப்போடு வார்டில் நடந்ததும், எந்தச் சாதிக்காரன் நாடியையும் விரல் வைத்துப் பார்த்ததும், நேற்று வரை திண்ணையில் ஏற விடாத வீட்டுக்காரர் அவளை "சிஸ்டர்" என்று கூப்பிட்டதும் சாதாரணமா? அந்த நடைக்கு விசுவாசம் துணை நின்றது, நான் மறுக்கவில்லை. ஆனால் படிப்பும் அதனால் வந்த சம்பளமும் இல்லாமல் அந்த உடுப்பு ஏது? நெய்யூர் என்றால் நாம் டாக்டர்கள் பெயரை வரிசையாகச் சொல்வோம், எவரெஸ்ட் ஏறப் போய்விட்டு வந்த சாமர்வெல்லைச் சொல்லாமல் விடவே மாட்டோம். ராத்திரி முழுக்க விழித்திருந்த நர்சுகளில் ஒருத்தி பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

சில வருடம் முன்னால் என் அம்மா நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். இரவில் அந்த மாடி முழுக்க ஒரே ஒரு பெண், உங்கள் மகள் வயதுதான் இருக்கும். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, பவுடர் போட்டு, கடைசியில் தலையில் கை வைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடிவிட்டுப் போவாள். சம்பளம் எவ்வளவு என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். அவள் சொன்ன தொகை படிப்புக் கடன் தவணைக்கே பற்றாது. உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு 2016-ல் என்ன பரிந்துரைத்தது தெரியுமா? 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேலே போனால் அரசு நர்சுக்குச் சமமான சம்பளம். உங்கள் ஊரைச் சுற்றி எத்தனை இடத்தில் கொடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு மகளிடம் பேசுங்கள்.

அவள் ஜெபிக்கிறாளா இல்லையா என்பது அவளுக்கும் கர்த்தருக்கும் உள்ள விஷயம், அதில் நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டியது ஏஜெண்டை. சவுதிக்கு நர்ஸ் வேலை என்று லட்சக்கணக்கில் கேட்பவன் எவனாக இருந்தாலும் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்று சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே பதிவு செய்யச் சொல்லுங்கள்.