ஊசிப்பேனாவில் மருந்து வழிந்தால்

கேள்வி: எனக்கு வயது 47. முடக்குவாதத்துக்காக இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அடாலிமுமாப் மருந்து 40 மில்லிகிராம் நிரப்பிய ஊசிப்பேனாவை வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளும்படி கிளினிக்கில் கூறியிருக்கிறார்கள். சென்ற முறை கடுமையாக எரிந்தது. பேனாவை எடுத்ததும் தொடையில் மருந்து வழிந்தது. இன்னொன்று ஏற்ற வேண்டுமா? மின்வெட்டில் மருந்து பழுதாகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
- வாசகி, நிலாவெளி, திருகோணமலை

பதில்: இன்னொரு பேனாவை நீங்களாக ஏற்றிவிடாதீர்கள். தோலில் ஓரிரு துளி தெரிவது வழமையானது. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. வழிந்தோடும் அளவுக்கு இருந்தால், எவ்வளவு உள்ளே சென்றது என்பதை வீட்டில் கணிக்க முடியாது. பேனாவின் சாளரத்தில் நிறக்குறி நிரம்பியிருந்தால் மருந்து பேனாவை விட்டு வெளியேறிவிட்டது என்று அறியலாமே தவிர, அது தோலுக்குள் சென்றதா வெளியே சிந்தியதா என்பதை அக்குறி காட்டாது. ஆகவே கிளினிக்கைத் தொடர்புகொண்டு, அடுத்த ஊசியை எந்த நாளில் ஏற்றுவது என்பதை வைத்தியரிடமே கேட்டறியுங்கள்.

மருந்து வழிவதற்குப் பெரும்பாலும் பேனாவை முன்கூட்டியே எடுத்துவிடுவதே காரணம். முதலாவது 'கிளிக்' ஒலி ஊசி ஏறத் தொடங்கியதற்கு மட்டுமே அடையாளம். அதன் பின்னும் நிறக்குறி சாளரத்தை நிரப்பி நிற்கும் வரை, ஏறத்தாழ 10 முதல் 15 வினாடிகள், பேனாவைத் தோலோடு செங்குத்தாக அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். விரல் மூட்டுகள் வீங்கிய ஒருவருக்கு இது எளிதன்று என்பதை நான் நன்கு அறிவேன். நாற்காலியில் அமர்ந்து, பேனாவை முழு உள்ளங்கையாலும் பற்றி, மற்றக் கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். பொத்தானை அழுத்துவது கடினமாக இருந்தால், தோலில் வைத்து அழுத்தியதும் தானாகவே இயங்கும் பேனாக்களும் உள்ளன என்பதால் அதுபற்றி வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

எரிவுக்கு மருந்தின் குளிர்ச்சியே முக்கிய காரணமாக இருக்கலாம். ஏற்றுவதற்கு 15 முதல் 30 நிமிடங்களுக்கு முன் பேனாவைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, மூடியைக் கழற்றாமல் வையுங்கள். வெந்நீரிலோ வெயிலிலோ சூடாக்கக் கூடாது. தோலில் தடவிய ஸ்பிரிட் உலர்ந்த பின்னரே ஊசியை வைக்க வேண்டும். தொடையின் முன்புறத்திலும், தொப்புளிலிருந்து 5 சென்றிமீற்றர் தள்ளி வயிற்றிலும் இடத்தை மாற்றி மாற்றி ஏற்றுங்கள். சிற்றேற்று (citrate) என்ற உப்பு சேர்ந்த தயாரிப்புகள் சற்றுக் கூடுதலாக எரியும். அது சேராதவையும் உள்ளன.

மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசில், உறைபெட்டியை ஒட்டாத நடுத்தட்டில் வைத்திருங்கள். ஒருமுறை உறைந்த மருந்தை, உருகிய பின்னும் பயன்படுத்தக் கூடாது. சில தயாரிப்புகளை 25 பாகைக்கு மேற்படாமல் 14 நாட்கள் வரை வெளியே வைக்கலாம் என்று பெட்டியிலுள்ள தாள் கூறும். பகலில் 30 பாகையைத் தாண்டும் திருகோணமலை வீடுகளில் அந்தச் சலுகையை நம்பியிருக்க முடியாது. மின்சாரம் நின்றால் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காதீர்கள். மூடிய பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிரைத் தாங்கும். அதற்கு மேல் நீடித்தால், பேனாவைத் துணியில் சுற்றி, பனிக்கட்டியில் நேரே படாதவாறு ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

இம்மருந்து நோயெதிர்ப்பைத் தணிப்பதால், ஊசி நாளில் காய்ச்சலோ விடாத இருமலோ இருந்தால், ஏற்றுவதற்கு முன்னரே வைத்தியரிடம் தெரிவியுங்கள். பயன்படுத்திய பேனாவைக் குப்பையில் போடாமல், இறுக மூடக்கூடிய தடித்த பிளாஸ்டிக் கொள்கலனில் சேர்த்துக் கிளினிக்கில் ஒப்படையுங்கள்.