யோசனைக்குப் பஞ்சமில்லை, கையெழுத்துக்குத்தான்: அரசு ஊழியர்களின் கேள்விகளும் என் பதில்களும்

1985இல் வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2022இல் துணை ஆட்சியராக ஓய்வு பெற்றவள் நான். "அரசு அலுவலகத்தில் புதிதாக ஏதாவது செய்ய முடியுமா, செய்தால் விடுவார்களா" என்பதுதான் வாசகர்களிடமிருந்து எனக்கு வந்த கேள்விகளின் சாரம். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். அரசியல் கேள்விகளைத் தொடவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இளநிலை உதவியாளர், வட்டாட்சியர் அலுவலகம்: மேடம், வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எந்த ரிட் வழக்குக்கு எந்தத் தேதிக்குள் பதிலுரை போக வேண்டும் என்று பார்க்க எக்செல்லில் ஒரு தாள் தயாரித்தேன். கண்காணிப்பாளர், "முதலில் தன் பதிவேட்டை (அவரவருக்கு வரும் கோப்புகளை அவரவரே குறித்து வைக்கும் ஏடு) ஒழுங்காக எழுது, அப்புறம் கம்ப்யூட்டர்" என்கிறார். விட்டுவிடவா?

விடாதீர்கள். ஆனால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாளைக்கு ஒரு கோப்பு காணாமல் போனால் உங்களுக்குச் சாட்சி சொல்லப்போவது தன் பதிவேடுதான், எக்செல் இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சேர்ந்த புதிதில் பதிவேட்டை ஓரம் கட்டிவிட்டு, கோப்புகளுக்குக் கலர் அட்டை செருகும் முறை ஒன்றை நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன். சிவப்பு அவசரம், பச்சை காத்திருக்கலாம். நன்றாகத்தான் ஓடியது. ஆய்வுக்கு வந்த அதிகாரி அட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பதிவேடு பராமரிக்கப்படவில்லை" என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போனார். மெமோவுக்கு விளக்கம் எழுதியே இரண்டு நாள் ஓடிப்போனது.

அதனால் கொஞ்ச காலம் இரண்டையும் ஓட்டுங்கள். திங்கட்கிழமை காலையில், இந்த வாரம் கெடு முடிகிற வழக்குகளை மட்டும் ஒரு பக்கத்தில் அச்செடுத்துக் கண்காணிப்பாளர் மேசையில் வையுங்கள். நீதிமன்ற அவமதிப்பு என்று வந்தால் வட்டாட்சியர் முன்னால் போய் நிற்கப்போவது அவர்தானே. மூன்றாவது வாரம் தாள் வரவில்லை என்றால் அவரே கேட்பார். ஒன்று மட்டும்: மனுதாரர் விவரங்களை உங்கள் சொந்த மின்னஞ்சல் கணக்கில் ஏற்றி வைக்காதீர்கள். அலுவலகக் கணினியிலேயே இருக்கட்டும்.

வட்டார வளர்ச்சி அலுவலர்: புதிதாக ஒன்றைச் செய்தால் ஆடிட் பாரா (தணிக்கை ஆட்சேபம்) வரும், கொஞ்சம் பிசகினால் 17(பி). எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் பதவி உயர்வு தானாக வருகிறது. பிறகு எதற்கு வம்பு?

வந்த கேள்விகளில் இதுதான் நேர்மையானது. மேடைகளில் யாரும் இதைப் பேசமாட்டார்கள்.

வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ) சிறு தண்டனைக்கு, 17(பி) பெரிய தண்டனைக்கு. 17(பி) குற்றச்சாட்டு நிலுவையில் கிடக்கும் வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறுவது கஷ்டம். பல வருடம் கழித்து "குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை" என்று வந்தாலும், அதற்குள் ஜூனியர் உங்களுக்கு மேலதிகாரி ஆகியிருப்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புது முயற்சி ஜெயித்தால் பலன் ஊருக்கு, புகைப்படம் மேலே இருப்பவர்களுக்கு. தோற்றால் பழி, கோப்பில் கீழே கையெழுத்துப் போட்டவருக்கு. இந்தக் கணக்கை மாற்றாமல் "படைப்பாற்றலோடு பணியாற்றுங்கள்" என்று பயிற்சி வகுப்பு நடத்துவது, பந்தி போடாமல் தாம்பூலம் கொடுப்பது மாதிரி. முப்பத்தேழு வருடத்தில் யோசனை இல்லாத ஊழியரை நான் அதிகம் பார்த்ததில்லை. யோசனைக்குக் கீழே கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் இருந்ததைத்தான் பார்த்தேன்.

சட்டமும் ஒரு காலத்தில் இந்தப் பயத்துக்கு உரம் போட்டது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், பொது நலன் இல்லாமல் வேறொருவருக்கு ஆதாயம் கிடைக்கச் செய்தாலே குற்றம் என்று ஓர் உட்பிரிவு இருந்தது. நீங்கள் ஒரு ரூபாய் வாங்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2018 திருத்தத்தில் அதை நீக்கினார்கள். அலுவல் முடிவு ஒன்றைப் பற்றிப் போலீஸ் விசாரிக்க முன் அனுமதி வேண்டும் என்று 17ஏ பிரிவைச் சேர்த்தார்கள். (ஒழுங்கு விதி 17(ஏ) வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.) கள்ளர்களுக்கும் இதில் நிழல் கிடைக்கும் என்கிற விமர்சனம் உண்டு, அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நல்லெண்ணத்தில் எடுத்த முடிவுக்கும் களவுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய விஷயம்.

உங்கள் கையில் இருப்பது குறிப்புரை. புதிதாக ஒன்றைத் தொடங்கும் முன் கோப்பில் எழுதுங்கள்: இப்போது என்ன தொல்லை, எந்த விதிக்கு உட்பட்டு இதைச் செய்கிறோம், வேறென்ன வழிகளைப் பார்த்தோம், ஏன் அவை சரிவரவில்லை, எவ்வளவு பணத்துக்கு மேல் போகமாட்டோம், எந்தத் தேதியில் நிறுத்திப் பார்ப்போம். கடைசி இரண்டும் முக்கியம். "இரண்டு ஊராட்சியில், மூன்று மாதத்துக்கு" என்று இருந்தால் மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். "ஒன்றியம் முழுவதும்" என்று எழுதினால் "பேசவும்" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அந்த "பேசவும்"-ஐப் பேசி முடித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்: தனியாரில்தான் புதுமை வரும், அரசுக்குள் இருந்து எதுவும் வராது என்கிறான் என் மகன். காட்டுவதற்கு ஓர் உதாரணம் உண்டா?

மகனை ஏதாவது அரசு ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்குக்குக் கூட்டிப்போங்கள்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் பதிவாகி, 1995 தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அரசு மருத்துவமனைகளில் மருந்து வாங்குவது ஆளுக்கொரு திசை. ஓரிடத்தில் ஒரே மாத்திரை மூட்டையாகக் கிடந்து காலாவதியாகும், பக்கத்து ஆஸ்பத்திரியில் அதே மாத்திரைக்குச் சீட்டெழுதி வெளியே அனுப்புவார்கள். பூர்ணலிங்கம் ஐ.ஏ.எஸ். முதல் நிர்வாக இயக்குநராக இருந்து கழகத்தை நிறுவினார். அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல், மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், மாவட்டந்தோறும் கிடங்கு, கணினியில் இருப்புக் கணக்கு. வந்த மருந்தில் மாதிரி எடுத்து, தயாரித்த கம்பெனியின் பெயர் தெரியாமல் குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

எனக்கு இதில் பிடித்தது பாஸ்புக். உங்கள் வங்கியில் இருந்த அதே மாதிரிப் புத்தகம்தான். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு என்று அதில் இருக்கும். கிடங்கில் எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்வது மருத்துவமனை. தலைமையகம் தலையில் கட்டுவது நின்றது, கீழே இருப்பவருக்குத் தன் கணக்கு தனக்கே தெரிந்தது. இதற்குச் செயற்கை நுண்ணறிவு வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் கேரளமும் ராஜஸ்தானும் இதே போன்ற கழகங்களை அமைத்தன.

அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை: எங்களுக்கு "புதுமை" என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. வருடத்துக்கு ஒன்று மேலிருந்து வருகிறது, அதற்கு நான்கு பதிவேடு. இதை எப்படி ஊக்குவிப்பு என்கிறீர்கள்?

நான் அப்படிச் சொல்லவில்லை டீச்சர். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றலையே எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் அதைக் கடந்து வந்திருப்பீர்கள்.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது ஆரம்பித்தது. ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் உத்தரவு போட்டுத் தொடங்கவில்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளிக்கு ஆசிரியர்களை அனுப்பி, வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொன்னார். பார்த்து வந்தவர்கள்தான் கற்றல் அட்டைகளை நம் பாடத்துக்கு ஏற்ப எழுதினார்கள். கரும்பலகை பிள்ளைகள் எட்டும் உயரத்துக்கு இறங்கியது, டீச்சர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார்.

அப்புறம் 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் ஒரே வீச்சில் போனது. அங்கேதான் சறுக்கல் என்பது என் எண்ணம். 13 பள்ளி ஆசிரியர்கள் தாங்களே செய்து பார்த்ததை, மற்றவர்கள் பெட்டியில் வந்த அட்டையாக வாங்கிக்கொண்டார்கள். எதையும் மாற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை. சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க ஆள் வந்தார், என்ன மாற்றலாம் என்று கேட்க ஆள் வரவில்லை. திட்டம் மோசம் என்று நான் சொல்லமாட்டேன், என் அக்கா மகள் அந்த அட்டையில்தான் படிக்கக் கற்றாள். ஆனால் உங்கள் வயிற்றுக் கலக்கம் எனக்குப் புரிகிறது.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்: என் அப்பா இங்கே அரசு வாரியம் ஒன்றில் டெக்னீஷியன். "ஆலோசனை எழுதிக் கொடு" என்று ஆண்டுதோறும் இலக்கு வைப்பார்களாம். சில சமயம் எண்ணிக்கைக்காகவே எழுதியதாகச் சிரிப்பார். அது பயன்பட்டதா?

சிங்கப்பூர் 1980களிலேயே ஜப்பானியத் தரவட்டங்களை (ஊழியர்களே சிறு குழுவாகக் கூடி வேலையின் தரத்தை உயர்த்த வழி பார்ப்பது) பார்த்து, அரசு அலுவலகங்களில் பணி மேம்பாட்டுக் குழுக்களை அமைத்தது. 1995இல் லிம் சியோங் குவான் என்ற மூத்த அரசு அதிகாரி முன்னின்று "பிஎஸ் 21" (21ஆம் நூற்றாண்டுக்கான பொதுச் சேவை) என்ற இயக்கம் தொடங்கியபோது ஆலோசனைத் திட்டம் அதில் ஓர் அங்கம். உங்கள் அப்பா சிரிப்பதும் சரிதான், எண்ணிக்கையை அளந்தால் எண்ணிக்கைதான் வரும். இருந்தாலும் ஒரு டெக்னீஷியனிடம் போய் "உன் வேலையில் எதை மாற்றலாம்" என்று கேட்டதே பெரிது. நம்மூர் ஆலோசனைப் பெட்டியின் பூட்டுக்குச் சாவி யாரிடம் என்று கேட்டால் அலுவலகமே முழிக்கும். எழுதிப் போட்டவருக்கு "முடியாது, காரணம் இது" என்று ஒரு பதிலாவது போனால்தான் அவர் அடுத்த தடவை எழுதுவார்.

உதவிப் பொறியாளர்: கூட்டத்தில் ஈ.ஈ. (செயற்பொறியாளர்) இருந்தால், ஏ.ஈ. (உதவிப் பொறியாளர்) வாயைத் திறக்க முடியாது. இதற்கு என்ன வழி?

உங்கள் ஆட்களே ஒரு வழி கண்டார்கள். குடிநீர் வடிகால் வாரியத்தில் 2004 வாக்கில், வறட்சி வாட்டிய சமயம், "கூடம்" என்று ஒன்று நடந்தது. நம் பழைய வீட்டுக் கூடம்தான். பதவி பார்க்காமல் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, நாம் ஏன் தோற்கிறோம் என்று பேசியது. விபு நாயர் ஐ.ஏ.எஸ். அதை முன்னெடுத்தார். பிறகு பொறியாளர்கள் கிராமத்துக்குப் போய் ஊராரோடும் அப்படியே உட்கார்ந்தார்கள். "ஆழ்துளைக் கிணறு போடுகிறோம்" என்று போனவர்கள், இருக்கிற கிணற்றை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்கத் தொடங்கினார்கள். உங்கள் உட்கோட்டத்தில் மாதம் ஒரு தடவை மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலியை வட்டமாகப் போட்டுப் பாருங்கள். ஈ.ஈ. கடைசியாகப் பேசட்டும்.

பெயர் வேண்டாம்: நல்ல கலெக்டர் ஒருவர் ஆரம்பித்ததை, அவர் மாறிப்போன மறுவாரமே மூட்டை கட்டிவிட்டார்கள்.

அவர் பெயரில் இருந்ததால் அவரோடு போனது. விண்ணப்பப் படிவத்திலோ கணினி மென்பொருளிலோ அரசாணையிலோ நுழைந்த மாற்றம் நிற்கும். பேனரில் இருப்பது நிற்காது.

கிராம நிர்வாக அலுவலர்: நீங்கள் செய்ததில் இன்றும் நிற்பது எது மேடம்?

பெரிதாக ஒன்றுமில்லை தம்பி. ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைக்கு வருகிறவர்கள் ஒரு காகிதம் குறைந்ததற்காக நான்கு நடை நடப்பார்கள். என்னென்ன வேண்டும் என்று சுவரில் பெரிய எழுத்தில், எட்டு வரியில் எழுதிவைத்தோம். எழுதும் முன் வரிசையில் நின்ற பாட்டிகளிடம் படித்துக் காட்டி, புரியாத சொற்களை எடுத்தோம். "இருப்பிடச் சான்று" என்பது "எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதற்கு ரேஷன் கார்டு" ஆனது. செலவு, பெயின்ட் காசு. நடை குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது.

போன மாதம் ஒரு வாரிசுச் சான்றுக்காக அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சுவரில் அந்த எழுத்து அப்படியே இருக்கிறது. எட்டில் இரண்டு வரி இப்போது தேவையில்லாதவை. இருக்கையில் இருந்த பையனிடம், "இதை அழித்துவிடலாமே" என்றேன். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. "அதெல்லாம் ரொம்ப நாளா இருக்கு மேடம்," என்றான், "மாத்தணும்னா மேலேருந்து ஆர்டர் வரணும்."