விறாந்தையில் மாட்டிய படம்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. கறுப்பாகவும் பருமனாகவும் இருப்பதாகச் சொல்லி, மாலையில் டச்பே கடற்கரைக்குக்கூட வர மறுக்கிறாள். அவளுடைய சாமத்தியவீட்டுப் படத்தை ஸ்டூடியோவில் கொஞ்சம் வெள்ளையாக்கி, பெரிதாக்கி விறாந்தையில் மாட்டியிருக்கிறோம். அதைப் பார்த்தும் மனம் தேறவில்லை. இத்தகைய பிள்ளைகளுக்காக அரசும் பாடசாலைகளும் திட்டங்கள் நடத்தினால் பயன் கிடைக்குமா?
– ஒரு தாய், உவர்மலை

பதில்: சில திட்டங்களால் பயன் உண்டு. அவுஸ்திரேலியப் பாடசாலைகள் சிலவற்றில், ஊடகங்கள் அழகை எவ்வாறு உருவாக்கிக் காட்டுகின்றன என்பதை எட்டுப் பாடங்களாகப் பிள்ளைகளோடு அலசினார்கள். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின்னரும் அப்பிள்ளைகளுக்குத் தம் உடலைப் பற்றிய கவலை மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. குத்துவிளக்கேற்றி, ஒரு மணி நேரம் பேசி, சிற்றுண்டிப் பொதியோடு அனுப்பிவைக்கும் நம்மூர்க் கருத்தரங்குகளில் எனக்கு நம்பிக்கையில்லை.

விளம்பரப் படத்தில் உடலைத் திருத்தினால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸ் 2017இல் கட்டாயமாக்கியது. நோர்வேயில் 2022 முதல் தோலைத் திருத்தினாலும் குறிப்பிட வேண்டும். ஆனால் அந்தக் குறிப்பைப் படித்த பெண்களும் படத்தோடு தங்களை ஒப்பிடுவதை நிறுத்தவில்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் கண்டன. விளம்பரக்காரர் திருத்துவது யாரோ ஒருத்தியின் படத்தை. நீங்கள் திருத்துவித்தது பெற்ற மகளின் படத்தை.

ஸ்டூடியோக்காரர் தாமாகச் செய்தார் என்று சொல்லிவிடாதீர்கள். "வெள்ளையாக்கி மாட்டியிருக்கிறோம்" என்று எழுதியது உங்கள் கைதான். வீட்டுக்கு வரும் மாமிமார் அந்தப் படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, தேநீர்த் தட்டோடு வரும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் அந்த ஒரு கணத்தை நீங்கள் கவனித்ததில்லையா? அவள் கவனித்திருப்பாள். நீ இப்படி இருந்திருக்கலாம் என்று தன் தாயே எழுதி ஒட்டிய குறிப்பாகத்தானே அவள் அதை நாள்தோறும் வாசிக்கிறாள்? பிள்ளையின் நிறத்துக்கு ஊர் ஆயிரம் சொல்லும்; அதை வாசலோடு நிறுத்துவது தாயின் கடமை. நீங்களோ அதற்குச் சட்டகம் போட்டு உள்ளே மாட்டியிருக்கிறீர்கள்.

முதலில் அதைக் கழற்றுங்கள். திருத்தாத படம் ஸ்டூடியோவில் இருக்கிறதா என்று கேளுங்கள்; இல்லையென்றால், அன்று வந்த உறவினரின் கைபேசிகளில் ஒன்றாவது இருக்கும். அதை மாட்டுவதா, சுவரை வெறுமையாக விடுவதா என்பதை மகளே தீர்மானிக்கட்டும். எட்டுப் பாடங்கள் வேண்டுமென்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்பது அதற்குப் பிறகு. இவை எல்லாவற்றுக்கும் முன் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். தாய் மகளிடம் மன்னிப்புக் கேட்பதா என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால், நான்தான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.