பத்து மணித் தலைவலி

வணக்கம் அக்கா,

என் தம்பிக்கு 27 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஐந்து மாதத்துக்கு முன்னால் காலை ஷிஃப்டுக்குக் காடி ஓட்டிப் போகும்போது பினாங்குப் பாலத்தில் விபத்து. தண்டுவடம் டி4-இல், அதாவது நெஞ்சுப் பகுதியின் நான்காவது எலும்பு மட்டத்தில் அடிபட்டது, ‘கம்ப்ளீட்’, ஏ கிரேட் (உணர்ச்சியும் அசைவும் முற்றாக இல்லாத பிரிவு) என்று எழுதிக் கொடுத்தார்கள். கம்பி வைத்து ஆபரேஷன் செய்து, மூன்று மாதம் கழித்துப் பிறையில் எங்கள் வீட்டுக்கு வந்தான். கைகள் நன்றாக இருக்கின்றன. நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

டியூப் போட்டுச் சிறுநீர் எடுப்பது நான்தான். காலை 5.30-க்கு எடுத்துவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பி வந்து 2.30-க்கு, பிறகு இரவு 8-க்கு, 11.30-க்கு. அம்மாவுக்குப் பயம், தொடமாட்டார். இப்போது இடது பக்கப் பிட்டத்தில் ஐம்பது காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு தடம். தோல் உடையவில்லை. ரப்பர் வளையம் மாதிரி நடுவில் ஓட்டை உள்ள மெத்தை வாங்கிப் போட்டேன். ஒரு உறவினர், உரூட் (உடம்பு பிடித்துவிடும் நாட்டு மசாஜ்) செய்கிற ஒருவரை அழைத்து வருகிறேன், கால் வந்துவிடும் என்கிறார். என்ன செய்யலாம்?

பி.கு. சில நாள் காலை 10 மணி வாக்கில் அவனுக்குக் கடுமையான தலைவலி, முகமெல்லாம் வேர்க்கிறது. கிளினிக்கில் பிரஷர் 152 இருந்தது. பதற்றம் என்று பனடோல் கொடுத்தார்கள்.

— ஒரு வாசகி, பிறை

அன்புள்ள தங்கைக்கு,

பின்குறிப்பில் போட்டதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். கறுப்புத் தடத்துக்கு இன்று ஒரு நாள் அவகாசமாவது உண்டு. அந்தத் தலைவலிக்குச் சில நிமிடங்கள்தான்.

தண்டுவடம் டி6-இலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு வரும் இரத்த அழுத்தப் பாய்ச்சல் இது. மருத்துவர்கள் ‘ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா’ என்பார்கள். அடிபட்ட இடத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது. பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை. அடுத்தபடியாக இறுகிய மலம். சில சமயம் ஒரு புண், உள்ளே வளர்ந்த கால் நகம். அந்தச் செய்தி தண்டுவடத்தில் ஏறியதும் கீழேயுள்ள இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. ‘தளர்ந்துகொள்’ என்று மூளை அனுப்பும் உத்தரவு அடிபட்ட இடத்தைத் தாண்டி இறங்குவதில்லை. மூளையின் கட்டுப்பாடு எட்டுகிற முகத்திலும் கழுத்திலும் மட்டும் வேர்க்கிறது, சிவக்கிறது. அழுத்தத்தை உடனே இறக்காவிட்டால் வலிப்பு வரலாம், மூளையில் இரத்தக் கசிவு வரலாம்.

152-ஐப் பார்த்து கிளினிக்கில் பயப்படாததற்கும் காரணம் உண்டு. மற்றவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். டி4 ஆளின் சாதாரண மேல் அழுத்தமே 90-இலிருந்து 110-க்குள் இருக்கும். அதிலிருந்து 20 முதல் 40 ஏறினாலே ஆபத்து. தம்பி நன்றாக இருக்கும் நாளில் மூன்று நான்கு தடவை அளந்து, அவருடைய சொந்த எண் எது என்று எழுதி வையுங்கள். மேற்கையில் பட்டை கட்டி அளக்கும் பிரஷர் கருவி ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும்.

தலைவலி வந்ததும் படுக்க வைக்காதீர்கள். எல்லாரும் செய்யும் தவறு அது. படுத்தால் தலைக்குள் அழுத்தம் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிடுங்கள். இடுப்பு வார், இறுக்கமான கால்சட்டை, சப்பாத்து, காலுறை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். அடுத்து உடனே டியூப் போட்டுச் சிறுநீரை எடுங்கள், மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவி. அப்படியும் இறங்காவிட்டால் மலம் இறுகியிருக்கும்; அதே ஜெல்லை ஆசனவாய்க்குள் தடவிச் சில நிமிடம் பொறுத்து, மெதுவாக விரலால் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிரஷர் அளவு. இவ்வளவு செய்தும் 150-க்குக் கீழே வராவிட்டால் 999. அவசரப் பிரிவில் இளம் மருத்துவர்களுக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டை எழுதித் தம்பியின் பணப்பையில் வையுங்கள்: டி4, சாதாரண அழுத்தம் இவ்வளவு, இன்ன நிலை வரும், நிமிர்த்தி வையுங்கள், சிறுநீர்ப்பையைப் பாருங்கள் என்று. இன்னொன்று, உங்களிடம் சொல்லத் தம்பி கூச்சப்படுவார். ஆண்மை மாத்திரை எதாவது எடுத்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. அழுத்தத்தை இறக்கக் கொடுக்கும் நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிடும்.

சரி, ஏன் 10 மணி? விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காலை 5.30-க்கு எடுக்கிறீர்கள், அடுத்தது 2.30-க்கு. இடையில் ஒன்பது மணி நேரம். அதற்குள் ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்), பசியாறும்போது தண்ணீர், மாத்திரைக்குத் தண்ணீர். 10 மணிக்குப் பை நிரம்பிவிடும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும், ஒரு தடவையில் 500 மில்லியைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. தம்பியின் சிறுநீர்ப்பை உங்கள் ஷிஃப்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை உங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் தம்பிக்கு இரண்டு கைகளும் முழுமையாக வேலை செய்கின்றன. டி4-இல் அடிபட்டவர் டியூப்பைத் தானே போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் பாசத்தில் அதை வாங்கிக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன்.

முறை இதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தொற்று கையிலிருந்தும் வருகிறது. ஆணுறுப்பின் முனையைச் சுத்தம் செய்து, 12 அல்லது 14 எண் டியூப்பில் ஜெல்லைத் தாராளமாகத் தடவ வேண்டும். ஆணுறுப்பை வயிற்றுப் பக்கமாக நிமிர்த்திப் பிடித்தால் உள்வழியின் வளைவு நேராகும். தொங்கவிட்டபடி போட்டால் இடிக்கும், இரத்தம் வரும். உள்ளே ஓரிடத்தில் தடுக்கும். அது சிறுநீர்ப்பையின் வாயை மூடும் தசை. குத்தித் தள்ளாமல், லேசான அழுத்தத்தோடு நிறுத்தி, இரண்டு மூன்று மூச்சு இழுத்து விட்டால் தானே திறக்கும். சிறுநீர் வந்ததும் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே. நின்றபின் மெல்ல இழுக்கும்போது மறுபடி சொட்டும், அங்கே நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அடியில் தங்கும் அந்த மிச்சம்தான் நாற்றத்துக்கும் கல்லுக்கும் காரணம்.

ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 500-ஐத் தாண்டினால் அடுத்த நாள் அந்த நேரத்தை ஒரு மணி முன்னால் இழுக்க வேண்டும். தண்ணீரைக் குறைப்பது தீர்வாகாது. நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், ஒரே மூச்சாகக் குடிக்காமல் பிரித்துக் குடிக்கலாம். இரவு 8-க்கு மேல் சில மிடறு போதும். கலங்கலாக, வாடையோடு வந்தால் உடனே கிருமி மருந்து கேட்டு ஓடாதீர்கள். டியூப் போடுகிறவர்களின் சிறுநீரில் கிருமி பெரும்பாலும் இருக்கும். காய்ச்சல், குளிர், கால் இழுப்பு திடீரென்று கூடுவது, இடையில் கசிவு, இரத்தம் இருந்தால்தான் சிகிச்சை. அப்போதும் மருந்துக்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும்.

மலத்துக்கும் நேரம் வேண்டும். பசியாறி 20 அல்லது 30 நிமிடத்தில் குடல் தானே அசையும், அந்த வேளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆசனவாயில் வைக்கும் மருந்துக் குளிகையை மலத்துக்குள் செருகினால் பயனில்லை, குடல் சுவரில் ஒட்டி இருக்க வேண்டும். பலர் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்பது இதனால்தான்.

இனிக் கறுப்புத் தடம். அந்த ஓட்டை மெத்தையை இன்றே எடுத்துவிடுங்கள். ஓட்டைக்கு மேலே எலும்பு தொங்குகிறது, சுற்றிலும் வளையம் அழுத்தி இரத்தம் உள்ளே வரும் வழியை அடைக்கிறது. நம் தோலில் சிவப்பு தெரியாது. அதனால் புறங்கையை வைத்துச் சூடாக இருக்கிறதா, விரலால் தொட்டு கெட்டியாக இருக்கிறதா என்று வலது பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேய்க்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள். தடம் முழுவதும் மறையும்வரை அதன் மேல் உட்காரவே கூடாது. வலது பக்கம் சாய்ந்தோ குப்புறவோ படுக்க வேண்டும். குப்புறப் படுக்கும்போது கால் பெருவிரல் மெத்தையில் அழுந்தாமல் கட்டில் ஓரத்துக்கு வெளியே இருக்கட்டும். மறைந்தபின் முதல் நாள் 15 நிமிடம் உட்கார்ந்து, பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். தோல் உடைந்தாலோ, வாடை வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ வீட்டு வைத்தியம் போதாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இடது பக்கம் மட்டும் ஏன் என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பியின் சக்கர நாற்காலி யாரோ கொடுத்த ஆஸ்பத்திரி நாற்காலியாக இருக்கும், 18 அங்குல இருக்கை. அளந்து பாருங்கள். தம்பியின் இடுப்பு 14 அங்குலம் என்றால் மீதி நான்கு அங்குலத்தில் அவர் ஒரு பக்கம் சரிந்துதான் உட்கார்ந்திருப்பார். சரிந்த பக்கத்து எலும்புதான் முழு எடையையும் வாங்கும். இருக்கை, இடுப்பைவிட ஓர் அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பழைய நாற்காலியின் துணி தொட்டில் மாதிரி தொய்ந்திருந்தால் மெத்தைக்கு அடியில் அளவாக வெட்டிய பிளைவுட் வையுங்கள். கால் பலகை உயரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்: முழங்கால் தூக்கி நின்றால் தொடை மெத்தையைத் தொடாது, எடை எல்லாம் பிட்டத்துக்குப் போகும்.

காற்று அறைகள் உள்ள இருக்கை மெத்தை வாங்க முடிந்தால் நல்லது. ஆனால் காற்றை நிறைய அடித்தால் பந்தின் மேல் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். தம்பி உட்கார்ந்த நிலையில் எலும்புக்கு அடியில் கையைச் செருகிப் பார்த்து, ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி வரும்வரை காற்றை விடுங்கள். தினமும் ஒரு தடவை இதைச் சரிபார்க்க வேண்டும். வெயிலில் நிற்கும் காடிக்குள் விட்டு வைத்தால் அவர் உட்கார்ந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். பின்பையில் பணப்பை, தடித்த தையல் போட்ட ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம்.

20, 30 நிமிடத்துக்கு ஒரு தடவை தம்பி முன்னால் குனிந்து, நெஞ்சைத் தொடையில் சாய்த்து, இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். கையூன்றி எழும்பும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை யாரும் பத்து வினாடிக்கு மேல் தாங்குவதில்லை, நசுங்கிய தோலுக்கு இரத்தம் திரும்ப அது போதாது, தோள்பட்டையும் தேய்கிறது. தம்பிக்கு இனித் தோள்தான் கால். கைத்தொலைபேசியில் அலாரம் வைப்பது, காலையும் இரவும் அதே தொலைபேசியால் படம் எடுத்துப் பார்ப்பது இரண்டும் அவர் வேலை. தே பொங்குஸ் (பையில் கட்டிய சூடான தேநீர்) வாங்கித் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு காடியில் போவதையும் விட்டுவிட வேண்டும். கொதிக்கும் பொட்டலம் தோலை வேக வைப்பது அவருக்குத் தெரியாது.

உரூட் வேண்டாம். உணர்ச்சியில்லாத காலில் இரத்தக் கட்டி இருந்தால் வெளியே தெரியாமல் போகலாம். பிசைந்தால் அது நுரையீரலுக்குப் போகலாம். சூடான எண்ணெய், இழுத்து முறுக்குவது எதுவும் கூடாது. ஐந்து மாதம் கழித்தும் ஏ கிரேட் என்றால் நடை திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு. இதைத் தம்பியிடம் மருத்துவர் நேராகச் சொல்ல வேண்டும், உறவினர் முன்னால் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலைவிபத்துத் திட்டத்தில் வரும். ‘தொழிற்சாலைக்குள் நடக்கவில்லையே’ என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் வழி எல்லாவற்றோடும் முதலாளி மூலம் உடனே கொடுங்கள். மலாக்காவில் இருக்கும் சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்தில் தங்கிப் பயிற்சி பெற அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். டியூப், கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து காடி என்று மாறுவதை முறையாகப் பழக அதுதான் இடம். ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்குச் சமூகநல இலாகாவில் தனியாகப் பதிய வேண்டும்.

இந்த வாரம் விடுமுறை எடுக்க முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளும் டியூப்பைத் தம்பி போடட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், கையை நீட்டாதீர்கள். முதல் தடவை அரை மணி நேரம் ஆகும். திங்கட்கிழமை நீங்கள் வேலையில் இருக்கும்போது 9.30-க்கு அவரே எடுத்து, எத்தனை மில்லி என்று உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். இரண்டு வாரக் கணக்கைச் சேர்த்து எனக்கு எழுதுங்கள். 10 மணித் தலைவலி மறுபடி வந்திருந்தால், அன்றைய எண்ணையும் கடைசியாக மலம் போன நாளையும் மறக்காமல் குறித்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா