வாசகர் கேள்வி பதில்: 15 இரவுகளுக்கு எத்தனை நகரங்கள்?

கேள்வி: வணக்கம் அம்மா. என் கணவர் சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றார். அவருக்கு 61 வயது, எனக்கு 57. வரும் ஜூன் மாதம் 15 இரவுகள் ஐரோப்பாவில் தங்கி, ஊருக்கு ஊர் ரயிலிலேயே போக எண்ணியிருக்கிறோம். ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், லூசெர்ன், மிலான், ரோம், வெனிஸ், வியன்னா, பிராக் என ஒன்பது ஊர்களை அவர் எழுதி வைத்திருக்கிறார். "இவ்வளவு செலவு செய்து போகிறோம், எதை விடுவது?" என்கிறார். எனக்கோ ஜன்னலோரம் உட்கார்ந்து மலைகளைப் பார்த்துக்கொண்டு போனாலே நிறைவுதான். இந்தப் பட்டியல் நடக்கக்கூடியதா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ரயில் கால அட்டவணையை வைத்துப் பார்த்தால் நடக்கும். ஆனால் ஒன்பது ஊர் என்றால் எட்டு முறை பெட்டி கட்ட வேண்டும். எட்டு முறை காலையில் அறையைக் காலி செய்து, பெட்டியை உருட்டிக்கொண்டு நிலையம் போய், புது ஊரில் இறங்கி, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும் அறைக்காகக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் அரை நாளையாவது எடுத்துக்கொள்ளும் என்பதால், உங்கள் கணவர் பார்க்க விரும்பும் ஊர்களே அவர் கைக்கு எட்டாமல் நழுவிப் போகும். ஆகவே உங்கள் ஆசையின் பக்கம் நின்று, நான்கே ஊர்களைச் சொல்கிறேன்: பாரிஸில் நான்கு இரவு, லூசெர்னில் நான்கு, வெனிஸில் மூன்று, வியன்னாவில் நான்கு. இடையில் வரும் மூன்று ரயில் நாட்களையும் பயணத்தில் வீணான நாட்களாகக் கருதாமல், பார்க்க வேண்டியவற்றின் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில் திசைக்கு ஒன்றாகப் பல பெரிய நிலையங்கள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து செல்லும் அதிவேக ரயில் கார் து லியோன் நிலையத்திலிருந்து புறப்படுகிறது. முந்தைய நாளே அங்கு போகும் வழியைப் பார்த்து வைப்பது நல்லது. மூன்று மணி நேரத்தில் பாசெல் வந்துவிடும். அங்கே மாறினால் லூசெர்ன் ஒரு மணி நேரம். ஏரிப் படகுத்துறை நிலையத்தின் வாசலிலேயே இருக்கிறது.

லூசெர்னுக்கு நான்கு இரவு கொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நம் மலை ரயிலின் பற்சட்ட முறையை (தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்களைச் சக்கரம் பற்றி ஏறும் முறையை) வகுத்த ரோமன் ஆப்ட் சுவிட்சர்லாந்துக்காரர். அந்த ரயிலை இழுத்த நீராவி எஞ்சின்களும் அந்நாட்டின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையை நீங்கள் லூசெர்ன் ஏரிக்கரையில் காணலாம். ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில், விட்ஸ்னாவிலிருந்து ரிகி மலைக்கு 1871ஆம் ஆண்டில் ஏறியது, இன்றும் ஏறுகிறது. லூசெர்னிலிருந்து விட்ஸ்னாவுக்குப் படகிலேயே போய்விடலாம். மேட்டுப்பாளையம் ரயிலைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் கோவைக்காரர்கள் இதைத் தவறவிடக் கூடாது என்பது என் கருத்து.

லூசெர்னிலிருந்து இத்தாலிக்குப் போகும்போது ஓர் எச்சரிக்கை. வேகமான ரயில்கள் 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு அடிவாரச் சுரங்கத்தின் வழியே செல்கின்றன. உலகின் மிக நீளமான ரயில் சுரங்கம் அது. ஆனால் பயணிக்குத் தெரிவது ஏறத்தாழ இருபது நிமிட இருட்டு மட்டுமே. மலைகளுக்காகவே நீங்கள் போவதால், 1882இல் திறக்கப்பட்ட பழைய மலைப்பாதையில் தெற்கு சுவிட்சர்லாந்தின் பெலின்சோனா வரை சென்று, அங்கிருந்து மிலான் ரயிலைப் பிடியுங்கள். நேரம் கூடத்தான் ஆகும். ஆனால் வாசென் என்ற சிற்றூரின் வெள்ளைத் தேவாலயம் முதலில் தலைக்கு மேலே தெரியும். ரயில் மலைக்குள் சுற்றிச் சுற்றி ஏறிய பின் கண்ணுக்கு நேரே வரும். இன்னொரு சுற்றுக்குப் பின் காலுக்குக் கீழே இருக்கும். எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதை அந்தக் கோபுரமே சொல்லிவிடும்.

மிலானிலிருந்து வெனிஸ் இரண்டரை மணி நேரம். மெஸ்த்ரே என்ற நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள், அது தீவு நகரத்துக்கு வெளியே உள்ள நிலப்பகுதி. கடைசி நிலையமான சாந்தா லூச்சியா வரை இருந்தால், 1846இல் திறந்த பாலத்தின் வழியே கடற்கழியைக் கடந்து, பெருங்கால்வாயின் படிக்கட்டில் போய் நிற்பீர்கள். அங்கிருந்து வியன்னாவுக்கு நேரடி ரயிலில் ஏறக்குறைய ஒரு பகல் ஆகும். அதன் கடைசிப் பகுதியில் செம்மரிங் மலைப்பாதை வரும். கார்ல் வான் கேகா என்ற பொறியாளர் 1848 முதல் 1854 வரை 41 கிலோமீட்டருக்கு, 16 பெரிய பாலங்களுடன் அமைத்த வழி அது. நம் நீலகிரி ரயில் உலக மரபுச் சின்னமானது 2005இல். செம்மரிங் 1998இலேயே அந்தப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

விசாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். நான் சொன்ன திட்டத்தில் மூன்று நாடுகளுக்கு நான்கு நான்கு இரவு வருவதால், பாரிஸில் இறங்கும் நீங்கள் பிரான்ஸிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பம் கொடுக்கலாம்; குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கேள்வி: நானும் என் மனைவியும் இதே போன்ற பயணத்துக்குத் திட்டமிடுகிறோம். ரயில் பாஸ் வாங்கினால் முன்பதிவே தேவையில்லை என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: பாதி உண்மை. இந்தியாவில் வசிப்பவர்களுக்கான யூரெயில் பாஸ் 33 நாடுகளில் செல்லும்; 60 வயது நிறைந்தவர்களுக்குச் சலுகையும் உண்டு. சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி ஆகிய நாடுகளுக்குள் பெரும்பாலான பகல் ரயில்களில் பாஸுடன் நேரே ஏறி அமரலாம். பிரான்ஸின் டிஜிவி என்னும் அதிவேக ரயில்கள், இத்தாலியின் அதிவேக ரயில்கள், இரவு ரயில்கள் ஆகியவற்றுக்குப் பாஸ் இருந்தாலும் தனிக் கட்டணம் செலுத்தி இருக்கையை முன்பதிவு செய்தே ஆக வேண்டும். டிஜிவியில் பாஸ்காரர்களுக்கென ஒதுக்கும் இருக்கைகளுக்கும் அளவு உண்டு. கோடையில் அவை விரைவில் தீர்ந்துவிடும்.

நாட்களை முன்பே முடிவு செய்து, மூன்று நான்கு நீண்ட பயணங்கள் மட்டும் செய்பவர்களுக்குப் பாஸைவிட முன்கூட்டி வாங்கும் தனி டிக்கெட்டுகளே பெரும்பாலும் மலிவு. ஆனால் அந்த மலிவு டிக்கெட் குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இருவரும் வந்த ரயில் நாற்பது நிமிடம் தாமதமாகி, தனியாக வாங்கியிருந்த அடுத்த ரயிலின் டிக்கெட் வீணாகி, அன்றைய முழுக் கட்டணத்தைக் கொடுத்து மீண்டும் வாங்கினோம். அன்று முதல், வழியில் ரயில் மாற வேண்டுமானால் முழுத் தொலைவுக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்குகிறோம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, ரயில் சேருமிடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் கட்டணத்தில் கால் பங்கையும், இரண்டு மணி நேரமானால் பாதியையும் கேட்டுப் பெறலாம். ஜெர்மனி வழியாகப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். அங்கே தொலைதூர ரயில்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் 2024இல் தாமதமாகவே ஓடின.

கேள்வி: கோடையில் அங்கும் வெயில் கடுமை என்கிறார்களே?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: உண்மைதான். பழைய கட்டடங்களில் இயங்கும் விடுதிகள் பலவற்றில் ஏசி கிடையாது. அறையைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் பாரிஸில் இரவு பத்து மணிக்கு நெருக்கமாகத்தான் பொழுது சாய்கிறது, அதனால் நண்பகலில் அறையில் ஓய்வெடுத்துவிட்டு மாலையில் நடக்கலாம். குடிநீருக்குக் கவலை வேண்டாம், ஒரு காலி பாட்டில் போதும். வியன்னாவில் குழாயில் வருவதே மலை ஊற்று நீர். செம்மரிங் அருகிலுள்ள மலைகளிலிருந்து 1873 முதல் நகரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.