ஆர்கனாய்ட் டெஸ்ட் நம்ம ஊர்ல செய்வாங்களா?

மாமாவுக்கு குடல் கேன்சர் பரவிடுச்சு, அவர் கட்டியிலேர்ந்தே செல் எடுத்து 3டி-யா வளர்த்து எந்த மருந்து கேட்கும்னு பாக்கலாமாமே, நம்ம மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செய்வாங்களான்னு கேட்டிருக்கீங்க தம்பி. நான் இங்கதான் ஒரு சின்ன லேப்ல இருக்கேன், எஸ்டேட் ஆளுங்களோட சீனி, கொலஸ்ட்ரால், டிங்கி, கென்சிங் தீக்குஸ் (எலிக்காய்ச்சல்) இதுதான் எங்க பொழப்பு. இங்க கிடையாது லா.

ஆனா விஷயம் உண்மைதான். பழைய முறைல செல்ல பிளாஸ்டிக் தட்டுல ஒரே படலமா வளர்ப்பாங்க, ரொட்டி சானாய் மாவ வீசி விரிச்சாப்ல, மருந்து எல்லா செல்லு மேலயும் படும், சாகும். உடம்புல இருக்கற கட்டி உருண்டையா திரண்டு இருக்கும், ரத்தக்குழாய்ய விட்டு 0.2 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே ஆக்சிஜன் சரியா எட்டாது, அங்க இருக்கற செல்லு பெருகாம சும்மா கெடக்கும், பெருகற செல்ல அடிக்கற கீமோ அத ஒன்னும் பண்ணாது. அதான் 3டி. 2009ல நெதர்லாந்துல ஹான்ஸ் கிளெவர்ஸ் லேப்ல எலிக்குடல் ஸ்டெம் செல் (மத்த செல்லா மாறி வளரக்கூடிய மூல செல்) ஒன்னே ஒன்ன ஜெல்லுக்குள்ள வச்சு குட்டிக் குடலாவே வளர்த்துட்டாங்க, இப்படி வளர்க்கற குட்டி உறுப்பத்தான் ஆர்கனாய்ட்னு சொல்றது (அந்த ஜெல்லே எலிக் கட்டியிலேர்ந்து எடுக்கறதுதான்). 2018ல சயன்ஸ் இதழ்ல குடல், வயிறு கேன்சர் நோயாளிங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஆர்கனாய்ட்ல கேட்காத மருந்து ஆளுக்கும் கேட்கவே இல்ல, கேட்டது 88% ஆளுக்கும் கேட்டுச்சு. சின்ன ஆராய்ச்சிதான், இருந்தாலும் எந்த மருந்து வேஸ்ட்டுனு முன்கூட்டியே தெரிஞ்சா வீணா வாந்தி எடுத்து முடி கொட்டி அவஸ்தைப்பட வேணாம்ல, என்னக் கேட்டா இதோட பெரிய உபயோகமே அதான்.

சிக்கல் எங்கன்னா, பயாப்சி (டெஸ்டுக்கு எடுக்கற சதைத் துணுக்கு) எடுத்த கையோட ஃபார்மலின்ல, அதாவது சதை கெடாம வைக்கற மருந்துல போட்டுடுவாங்க, மைக்ராஸ்கோப்ல பாக்கற பேத்தாலஜிக்கு அது சரி, ஆனா செல்லு செத்துடும். ஆர்கனாய்டுக்கு சதை உசுரோட வேணும், எடுக்கும்போதே குளிர்ந்த மீடியத்துல (செல்லு உசுரோட இருக்க வைக்கற திரவம்) போட்டு சீக்கிரம் கொண்டு போய் சேர்க்கணும், அப்புறம் வளர வாரக்கணக்கா ஆகும், சிலது வளராது, குடல் சதைன்னா பாக்டீரியா வேற பூந்து கெடுத்துடும். அதுவரைக்கும் மாமாவ கீமோ இல்லாம உக்கார வைக்க முடியுமா?

அதனால இப்போதைக்கு ஈப்போவுல டாக்டர பாக்கும்போது கே-ராஸ், என்-ராஸ், பி-ராஃப், எம்எம்ஆர்னு கட்டியோட ஜீன்ல என்ன மாற்றம்னு பாக்கற இந்த டெஸ்டெல்லாம் பண்ணியாச்சான்னு கேளுங்க. ராஸ் ஜீன் மாறியிருந்தா செடுக்சிமாப்ங்கற கேன்சர் ஊசி கேட்காது, அந்தக் காசும் மிச்சம். பயாப்சி பிளாக்க (மெழுகுல பதிச்ச அந்த சதைத் துணுக்கு) பேத்தாலஜில எடுத்து வச்சிருப்பாங்க, பெரும்பாலும் அதுலயே பாத்துடலாம், மாமாவ மறுபடி குத்த வேண்டியிருக்காது.